நீண்ட கால வாரண்டி

"மாமா, கணக்குத் தாளைக் காட்டுங்க."

கேட்கவே கூடாது என்று மகளிடம் அம்மா மூன்று முறை சொல்லியிருந்தாள். பல் தேய்க்கும்போது ஒரு முறை, தலை வாரும்போது ஒரு முறை, வாசலில் மாமாவின் ஸ்கூட்டர் வந்து நின்றதும் கண்ணாலேயே ஒரு முறை.

மாமா ஒரு காலில் செருப்போடு நின்றார். இன்னொரு செருப்பு வாசலில் கவிழ்ந்து கிடந்தது. அம்மா கொண்டுவந்த தண்ணீர் டம்ளர் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"வந்தவனை உட்காருன்னு சொல்றதுக்கு முன்னாடியே கேஸை ஆரம்பிச்சாச்சு பாருக்கா," என்றார் மாமா. "வக்கீலம்மா, தண்ணி குடிக்க இடைவேளை உண்டா?"

அவள் வக்கீல் இல்லை. படித்தது வணிகவியல். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்ட எட்டு வயதுப் பெண்ணுக்கு மாமா வைத்த பெயர் அது. அப்போது செல்லமாக இருந்தது. இப்போது, ஆடிட்டர் ஆபீஸில் எட்டு மாதமாகச் சம்பளம் வாங்கும்போது, பொருத்தமாகவே ஆகிவிட்டது.

இந்த வீட்டில் சொந்தக்காரரிடம் தாள் கேட்பது திருடன் என்று சொல்வதற்குச் சமம். அதுவும் இந்த மாமாவிடம். அவளுடைய மூன்று வருடக் கல்லூரி ஃபீஸைக் கட்டியவர். ரசீதைக்கூட யாரிடமும் காட்டாமல் சட்டைப்பையில் கசக்கிப் போட்டுக்கொண்டவர்.

கதைக்குள் இன்றுதான் நுழைகிறவர்களுக்கு நாலு வார்த்தை. அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்தேழு வருடம் படுக்கை விரிப்பு மடித்தவள். பதினான்கு மாதத்துக்கு முன் ஓய்வு பெற்றபோது எட்டு லட்சம் கையில் வந்தது. கார் பேட்டரிக் கடை வைத்திருக்கும் மாமா, கூடவே மியூச்சுவல் ஃபண்டு ஏஜென்ட் வேலையும் பார்ப்பவர், அதை ஒரு ஃபண்டில் போட்டுக் கொடுத்தார். மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதி ஆறாயிரம் அம்மா கணக்கில் விழும். அப்பா லாரியோடு போனால் போனதுதான். வாரத்துக்கு ஒரு முறை போனில் இருமிக் காட்டிவிட்டு வைத்துவிடுவார். ஆக, அந்த ஆறாயிரத்திலும் அவளுடைய சின்னச் சம்பளத்திலும்தான் வீடு நடந்தது.

போன வாரம் ஆபீஸில் ஒரு வாடிக்கையாளரின் பட்டியலில் அதே ஃபண்டின் பெயரைப் பார்த்தாள். விலையையும் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று மாமா வந்தது அம்மாவுக்கு வந்த ஓய்வுப் பணத்தின் கடைசித் தவணையான மூன்று லட்சத்தையும் அதே ஃபண்டில் போட. வட்டி இன்னொரு முறை ஏறியிருக்கிறதாம். இதைவிட நல்ல நேரம் வராதாம். செக்கில் அம்மா கையெழுத்துப் போட்டு, விளிம்போடு விளிம்பு சேர்த்து நான்காக மடித்து வைத்திருந்தாள். அம்மா எதையும் மடிக்காமல் விடமாட்டாள்.

"கேட்டா காட்டிட்டுப் போறேன். இதுக்கு எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறே," என்று மாமா ஸ்கூட்டருக்குப் போய் ஒரு பேட்டரி அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்தார். அதுதான் அவருடைய ஃபண்டு ஆபீஸ். பெட்டியை வாஷிங் மெஷின் மேல் வைத்தார்.

அந்த மெஷினைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அம்மாவின் எட்டு லட்சத்துக்குக் கிடைத்த கமிஷனில் மாமா ஒரு பைசா தொடவில்லை. ஆயுளெல்லாம் ஊரார் துணி துவைத்தவள் இனி வீட்டுத் துணியைக் கையால் துவைக்கக் கூடாது என்று மெஷினாக வாங்கி இறக்கிவிட்டார். அம்மா அதன் மேல் ஒரு விரிப்பைப் போட்டு மேஜையாக வைத்திருக்கிறாள். மெஷினுக்குக் கறை எங்கே இருக்கிறது என்று தெரியாதாம். துவைப்பது இன்னும் கையால்தான்.

இப்படிப்பட்ட மனிதரிடம் எப்படிக் கோபப்படுவது? அதுதான் ஒரு வாரமாக அவளுடைய பெரிய தொல்லை.

மேலே இருந்த தாளை மாமா எடுத்துக் கொடுத்தார். அவள் நேராகக் கடைசி வரிக்குப் போனாள்.

"போன மாசக் கடைசி மதிப்பு ஆறு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம்."

"எட்டு," என்றாள் அம்மா, திருத்துகிற குரலில்.

"எட்டு போட்டோம்மா. இப்ப இருக்கறது ஆறு முப்பத்தஞ்சு."

அம்மா தம்பியைப் பார்த்தாள். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார். அவர் அந்தத் தாளை முதல் முறையாகப் படிக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தபாலில் வருவதைப் பிரித்து, ஒழுங்காகப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். அவ்வளவுதான்.

ஏதோ அச்சுப் பிழை இருக்கும் என்றார். பிறகு சந்தை கொஞ்சம் அசைவது சகஜம் என்றார். பிறகு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்போது வட்டி தருகிற ஃபண்டு எப்படி இறங்கும் என்று அவளையே திருப்பிக் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். பாதி ஊர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது.

"இத்தனை வகை இருக்கே மாமா. இதை ஏன் எடுத்தீங்க?"

"வகுப்புல சொல்லிக் கொடுத்தாங்க. குறுகிய காலம், நடுத்தரக் காலம், நீண்ட காலம்னு. நான் நீண்ட காலம்தான் வேணும்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

"அதான் ஏன்?"

மாமா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார், இதுகூடவா தெரியாது என்பதுபோல. "பதினெட்டு மாச வாரண்டி பேட்டரியை எவனாவது சொந்த அக்காவுக்குக் கொடுப்பானா? அறுபது மாசம் இருந்தா அதைத்தானே கொடுப்பான். நீண்ட காலம்னா நின்னு உழைக்கும்ல."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்துவிட்டது. ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்த கோபம் அத்தனையும் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. யார் மேல்தான் கோபப்படுவது? அறுபது மாத பேட்டரியைப் போல் தேடித் தேடிக் கொடுத்த இவர் மேலா? ஃபண்டின் விளம்பரத் துண்டுத்தாளில் வயதான தம்பதி சிரிக்கிற படத்தைப் பெரிதாகப் போட்டு, 'மாத வருமானம்' என்று கொட்டை எழுத்தில் அடித்து, விஷயத்தை மட்டும் எறும்பு எழுத்தில் ஓரமாகத் தள்ளினானே ஒருவன், அவன் மேலா? அவன் இந்தத் தெருப் பக்கம் வரப்போவதே இல்லை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஃபாரம் படிக்க வராது. ஃபாரம் என்பது தனி பாஷை. அதைப் படிக்க இந்தக் குடும்பத்தில் ஒருத்தி காலேஜ் வரை போக வேண்டியிருந்தது.

உட்கார்ந்தாள். மாமாவையும் உட்காரச் சொன்னாள்.

"நீண்ட காலம்னா ஃபண்டு ரொம்ப நாள் உழைக்கும்னு அர்த்தம் இல்ல மாமா. நம்ம காசை வாங்கி அவங்க கடனாக் கொடுக்கறாங்க. அந்தக் கடன் திரும்பி வர ரொம்ப வருஷம் ஆகும்னு அர்த்தம்."

"சரி, வரட்டுமே. வட்டி வருதில்ல?"

"உங்க கடையையே வச்சுச் சொல்றேன். நூறு பேட்டரி ஸ்டாக் வாங்கிட்டீங்க. அடுத்த வாரம் கம்பெனி அதே விலைக்கு அதைவிட நல்ல பேட்டரியை இறக்கறான். உங்க பழைய ஸ்டாக்கை என்ன பண்ணுவீங்க?"

"விலையைக் குறைச்சுத் தள்ளுவேன். வேற என்ன பண்றது."

"அதான் இங்கயும் நடந்திருக்கு. ஃபண்டுகிட்ட இருக்கறது ஆறு வட்டி தர்ற பழைய பத்திரம். இப்ப புதுசா வர்றது எட்டு தருது. பழசை முழு விலைக்கு எவன் வாங்குவான்? அதுவும் இன்னும் இருபது வருஷம் அந்த ஆறோடயே மாட்டிக்கணும்னா?"

மாமாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. முப்பது வருடம் ஸ்டாக் வாங்கி விற்ற மனிதர். சொன்னது ஒரே நொடியில் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருந்தால் தேவலை என்று தோன்றும்படி இருந்தது அவர் முகம்.

அம்மாவுக்கு வேறு சந்தேகம். மாதா மாதம் வந்த ஆறாயிரம் என்ன ஆச்சு, அது நிற்கவில்லையே என்றாள். அதைச் சொல்வதுதான் மகளுக்குக் கஷ்டமாக இருந்தது. அது முழுக்க வட்டி இல்லை, ஃபண்டு என்ன விலையில் இருந்தாலும் அம்மாவின் பங்கில் கொஞ்சத்தை விற்று ஆறாயிரமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள், விலை இறங்க இறங்க அதிகமாக விற்க வேண்டியிருந்தது என்று மெதுவாகச் சொன்னாள்.

அம்மா மடியில் இருந்த அந்த விளம்பரத் துண்டுத்தாளை எட்டாக மடித்தாள்.

"என் காசையே எனக்குக் கொடுத்துட்டு, மாசா மாசம் என்னைக் கும்பிட வச்சிருக்காங்க," என்றாள்.

"அக்கா."

"உன்னைச் சொல்லலடா."

இரண்டு பேரையும் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. சட்டென்று என்ன செய்யலாம் என்பதற்கு வந்தாள். செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. இதிலிருந்து வெளியே எடுப்பது. புதிய மூன்று லட்சத்தையும் சேர்த்து, ஒரு பங்கை ஆறு மாத டெபாசிட், ஒரு பங்கை ஒரு வருடம், ஒரு பங்கை இரண்டு வருடம் என்று பிரித்துப் போடுவது. ஒவ்வொன்றாக முதிர முதிர, அன்றைக்கு வட்டி ஏறியிருந்தால் ஏறிய வட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். அவசரத்துக்கு வேண்டியதை மட்டும் குறுகிய கால ஃபண்டில் வைக்கலாம். அதில் பத்திரங்கள் சீக்கிரம் முடிந்து பணம் திரும்பிவிடும் என்பதால் இந்த அடி விழாது. எல்லாம் சேர்த்து மாதம் ஐயாயிரத்துச் சொச்சம்தான் வரும். ஆனால் முதல் கரையாது.

"நாளைக்கு வட்டியை மறுபடி ஏத்தப்போறதாப் பேச்சு. இன்னைக்கு மூணு மணிக்குள்ள பணம் எடுக்கற ஃபாரம் கொடுத்தா இன்னைக்கு விலை. தாண்டினா நாளைக்கு என்ன விலையோ அது."

மணி பன்னிரண்டரை. ஃபண்டு அலுவலகத்துக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

"விட்டு வச்சா திரும்ப ஏறாதா?" என்றார் மாமா.

"மாசம் ஆறாயிரத்துக்கு வித்துக்கிட்டே இருந்தா, ஏறுற அன்னைக்கு ஏற என்ன மிச்சம் இருக்கும்?"

அம்மா கணக்கின் நகலை எடுக்கப் பெட்டிக்குள் கை விட்டாள். மாமா அந்தக் கையைப் பிடித்தார். பிடித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, மேலே வைத்தார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். அம்மாவின் தாளுக்குக் கீழே இன்னும் தாள்கள் இருந்தன. அதே ஃபண்டு. அதே மாதத்துக் கணக்கு. ஒன்று மாமாவுடையது, கடையை விரிவாக்கச் சேர்த்த பணம் முழுதும் அதில் இருந்தது. மீதி ஆறும் பெண்களுடையவை. ஆறிலும் வேலை செய்யும் இடம் என்ற கட்டத்தில் ஒரே விலாசம்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடம்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மாதம் ஐந்தாம் தேதி தவறாமல் ஆறாயிரம் விழுவதை அம்மா பழைய சிநேகிதிகளிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் சொல்லியிருப்பாள். தம்பிதான் பார்த்துக்கொள்கிறான் என்று. ஆவி அடிக்கும் இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில் நின்று நின்று கை வெந்தவர்கள், ஓய்வு பெற்றவர்களும் பெறப்போகிறவர்களுமாக, ஒருவர் பின் ஒருவராக மாமாவின் கடைக்கு வந்திருக்கிறார்கள். கிழிந்த உடுப்புகளுக்குப் பொத்தான் தைக்கும் பொத்தான் அக்கா, வீட்டை விற்ற பணம் முழுவதையும் போட்டிருக்கிறாள்.

"எனக்கு எடுக்க வேணாம்," என்றாள் அம்மா.

"என்னம்மா சொல்றே?"

"என் பேச்சைக் கேட்டு ஆறு பேர் உள்ள வந்திருக்காங்க. அவங்களை உள்ள விட்டுட்டு நான் மட்டும் கதவைத் திறந்துட்டு வெளிய ஓடணுமா? அதுக்கப்புறம் அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

இது அவள் எதிர்பார்க்காத இடம். கோபம் தலைக்கேறியது. ஊராருக்குத் துவைத்தது போதாதா, இப்போது ஊராருக்காக மூழ்கவும் வேண்டுமா என்று கேட்டாள். குரல் உயர்ந்துவிட்டது. அதே வேகத்தில் சொல்ல நினைக்காததையும் சொல்லிவிட்டாள்.

"உன் கையெழுத்தே வேண்டாம்மா. ஃபாரத்துல காலையிலயே நான் போட்டுட்டேன்."

பையிலிருந்து எடுத்து வைத்தாள். கணக்குத் தொடங்கும்போது, படித்த பிள்ளையின் பெயரும் இருக்கட்டும் என்று மாமாதான் அவளை இரண்டாவது ஆளாகச் சேர்த்திருந்தார். யார் ஒருவர் கையெழுத்துப் போட்டாலும் பணத்தை எடுக்கலாம். அம்மா ஒத்துக்கொள்ளாவிட்டால் நேராகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்றுதான் காலையில் பஸ் ஸ்டாப்பில் முழங்கால் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அம்மா அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். மகளின் கையெழுத்து அழகாக இருக்கும். அதில் அம்மாவுக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

"அவன் எனக்குப் புரிய வைக்காம போட்டான். நீ என்னைக் கேக்காம எடுக்கப் பாத்தே. ரெண்டு பேருக்கும் என் மேல உயிர். சரி, ஒத்துக்கறேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு யாருக்காவது தோணுச்சா?"

சத்தமே போடாமல் சொன்னாள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

மகள் அந்த ஃபாரத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். பையிலிருந்து வெற்று ஃபாரம் ஒன்றை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்து, பேனாவைப் பக்கத்தில் வைத்தாள்.

"தப்புதான். இப்ப கேக்கறேன். என்ன பண்ணலாம், நீ சொல்லும்மா."

"அவங்களுக்கு முதல்ல தெரியணும். தெரிஞ்சப்புறம் எடுக்கறதும் விடறதும் அவங்க இஷ்டம். அவங்க எடுத்தா நானும் எடுக்கறேன்."

மாமா எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு வாரம் கொடு என்று கேட்டார் அவளிடம். அக்காவிடம் இல்லை, அவளிடம். ஒவ்வொருவர் வீட்டுக்கும் தானே போய், உட்கார்ந்து, பக்குவமாகச் சொல்வதாகச் சொன்னார். இப்படித் திடுதிப்பென்று போய் நின்றால் ஆறு பேரும் கடை வாசலுக்கு வந்துவிடுவார்கள், நாளைக்குத் தெருவில் தலைகாட்ட முடியாது, ஏஜென்ட் வேலை போனாலும் பரவாயில்லை, பேட்டரி வாங்கக்கூட எவனும் வரமாட்டான் என்றார்.

"உன்கிட்ட நான் இதுவரைக்கும் எதையாவது கேட்டிருக்கேனா? ஒரே ஒரு வாரம்."

கேட்டதில்லை. மூன்று வருட ஃபீஸுக்குக்கூட நன்றாகப் படி என்பதைத் தவிர எதையும் கேட்டதில்லை. இந்த உலகத்தில் அவளால் மறுக்க முடியாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் இவர்தான்.

"உங்களுக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கேன்னு எனக்குத் தெரியும் மாமா. அதை நான் என் கையிலிருந்து தரணும். பொத்தான் அக்கா கையிலிருந்து எடுத்துத் தரக் கூடாது."

மாமா உட்கார்ந்துவிட்டார்.

அவள் பெட்டியிலிருந்து ஆறு தாள்களையும் எண்ணி எடுத்தாள்.

"அது அவங்க தாள். நீ எடுக்கக் கூடாது," என்றார். பலவீனமாகத்தான் சொன்னார்.

"அவங்க தாள்தான் மாமா. அவங்ககிட்டதான் கொண்டுபோறேன்."

போகிற வழியில் குனிந்து, அவருடைய தலையில் ஒரு கணம் கையை வைத்தாள். சின்ன வயதில் அவர் அவளுக்குச் செய்வது. எண்ணெய் வைக்காத தலை. பேட்டரிக் கடையின் வாடை அதில் எப்போதும் இருக்கும். அவர் நிமிரவில்லை. ஆனால் தலையை விலக்கிக்கொள்ளவும் இல்லை.

இரண்டு மணிக்குச் சலவைக்கூடத்தில் ஷிஃப்ட் மாறும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் உள்ளே போகிறவர்கள், வெளியே வருகிறவர்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் பிடிக்க முடியும். ஓய்வு பெற்ற இரண்டு பேருக்கும் அங்கிருந்தே சொல்லியனுப்பலாம். ஆனால் சலவைக்கூடம் ஊரின் ஒரு கோடி, ஃபண்டு அலுவலகம் மறு கோடி. சலவைக்கூடத்துக்குப் போய்விட்டு மூன்று மணிக்குள் ஃபண்டு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வது நடக்காத காரியம். அம்மாவுக்கும் அது தெரியும். நாளை விலை இன்னும் இறங்கினால் அம்மாவின் பணமும் சேர்ந்துதான் இறங்கும்.

அவள் செருப்பை மாட்டும்போது அம்மா வாசலுக்கு வந்தாள். தடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தாள்.

"முன் கேட்ல விடமாட்டாங்க. துணி வண்டி வர்ற பின் கேட்டுக்குப் போ. என் பொண்ணுன்னு சொல்லு."

"சரிம்மா."

"எடுத்த எடுப்புல தொகையைச் சொல்லாதே. முதல்ல உட்கார வை. நாள் பூரா நின்னவங்க."

தலையை ஆட்டினாள். படி இறங்கினாள். தெருமுனையில் ஃபண்டு அலுவலகத்துக்குப் போகும் பஸ் காலியாக வந்து நின்றது. கண்டக்டர் ஏறுகிறாயா என்பதுபோல அவளைப் பார்த்தார். ஆறு தாள்களையும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் பஸ்ஸின் முன்னாலேயே சாலையைக் கடந்து, எதிர்ப்பக்க ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.